போல்ட் அடிச்சிட்டோம்னு நம்பி நிக்காதீங்க, மேல ஸ்லிப் இருக்கா பாருங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சொந்தக்காரங்கள பாத்தா “அடியில கேஸ் வெடிக்குமா தம்பி”ன்னுதான் முதல்ல கேப்பாங்க. கேஸ் பயம் நியாயம்தான், ஆனா விட்பேங்க் பக்கம் (இப்ப எமலாலேனி) நிலக்கரி சுரங்கத்துக்குள்ள இறங்குனா என் கண்ணு முதல்ல போறது கூரைக்குத்தான். கூரைப் பாறைய புடிச்சு நிறுத்த அடிக்கிற இரும்புக் கம்பிதான் போல்ட், பாறைய அறுத்துக்கிட்டு போற வழவழப்பான வெடிப்புதான் ஸ்லிப்.

பாறையில இருக்குற வெடிப்பு எல்லாமே நாம தோண்டுனதால வந்தது இல்ல. சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி கரூன்னு சொல்ற இந்தப் பகுதிப் பாறை அடுக்குக்குள்ள டோலரைட்ங்கிற எரிமலைக் குழம்பு ஏறி சுவர் மாதிரி நின்னுருச்சு, அதத்தான் டைக்னு சொல்றோம். டைக்க நெருங்க நெருங்க வெடிப்புங்க நெருக்கமா வரும், கரியும் தீய்ஞ்சு கெடக்கும். அங்க போய் டார்கெட் டார்கெட்னு மெஷின ஓட்டுறத பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

பாதை சுமார் 6 மீட்டர் அகலம்னு வைங்க, மேல இருக்குற பாறை ரெண்டு பக்கமும் வெட்டாம விட்ட கரித் தூண் மேல உக்காந்துதான் நிக்குது. நடுவுல ஒரு ஸ்லிப் வெட்டுச்சுன்னா ஒரு பக்கப் பிடிமானம் போச்சு. ரெண்டு ஸ்லிப் எதிரெதிரா சாஞ்சு மேல போய் ஒண்ணா சேந்தா இன்னும் மோசம், நடுவுல மாட்டுன கல்ல புடிக்க எதுவுமே இல்ல, அதோட முகமும் வழவழன்னு இருக்கும். அந்தச் சந்திப்பு போல்ட் நீளத்துக்கு மேல இருந்துச்சுன்னா போல்ட்டோட சேந்தே கீழ வரும். கம்பியால தட்டிப் பாத்தோம், நல்லா கணீர்னு கேட்டுச்சேன்னு சொல்லுவாங்க, ஆனா கல்லு தடிமனா இருந்தா அப்படித்தான் கேக்கும்!

வெடிப்பு போற திசையிலயே பாதை வெட்டுனா அந்த ஒரே ஸ்லிப் தலைக்கு மேல ரொம்ப தூரம் கூடவே வரும். குறுக்க வெட்டுனா சீக்கிரம் தாண்டிரலாம், அதனாலதான் நாங்க மேப்ப வச்சுக்கிட்டு பிளானிங் ஆளுங்களோட மல்லுக்கட்டுறது.

தூணும் அப்படித்தான். 1960 ஜனவரியில கோல்புரூக் நிலக்கரி சுரங்கத்துல தூணுங்க வரிசையா நொறுங்கி 400 பேருக்கு மேல போய்ட்டாங்க. அது வெடிப்பால இல்ல, தூணுங்க தாங்கல. அதுக்கப்புறம் 1967ல சாலமன், மன்ரோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க தூணோட பலத்த கணக்குப் போட குடுத்த பார்முலாவுல தூணோட அகலமும் உயரமும்தான் உண்டு, ஸ்லிப்புக்குன்னு தனியா எதுவும் இல்ல. மூலைய ஒரு ஸ்லிப் அறுத்து விழ வச்சா பேப்பர்ல இருக்குற அகலம் தூண்ல இருக்காது.

தென்னாப்பிரிக்காவோட 1996 சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்துல 23வது பிரிவு இருக்கு, ஆபத்துன்னு நியாயமா தோணுனா தொழிலாளி அந்த இடத்த விட்டு வெளிய வரலாம். போர்மேன் மூஞ்ச தூக்குனா தூக்கட்டும். ஸ்ப்ரே பெயிண்ட்ல கோடு போட்டுட்டு வழிய அடைச்சிட்டு எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரி 2 மணின்னாலும் திட்ட மாட்டேன்.