குறைவாக ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரா? கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்

போன வாரம் ஒரு வண்டியை டோ டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறையில் இறக்கினார்கள். 1980களில் தயாரான இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. தோல் சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. ஓடோமீட்டர் 19,000 கிலோமீட்டர் காட்டியது. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வாங்கியவர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆசையாக எடுத்திருக்கிறார். இருபது நிமிடத்தில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி, இன்ஜின் நின்றுவிட்டது. கவரைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட்டின் பற்கள் நகம் பட்டாலே உதிர்ந்தன. கூட வந்த காகிதங்களில் பெல்ட் மாற்றியதற்குக் கடைசியாக இருந்த பில் 2006ஆம் ஆண்டுடையது.

"சார், வெறும் பத்தொன்பதாயிரம்தானே ஓடியிருக்கு, அதை நம்பித்தானே வாங்கினேன்" என்றார். இந்த வருடம் இதே வாக்கியத்தை என்னிடம் சொன்ன நான்காவது ஆள் அவர். முகத்தைப் பார்த்தபோது கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஐந்தாவதாக ஒருவர் வந்து இதையே சொல்லக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

"குறைவாக ஓடியிருந்தால் நல்ல வண்டி." ஐந்து வயதுக் காருக்கு இது சரி. நாற்பது வயதுக் காருக்கு முழுத் தவறு. எத்தனை பேரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அப்புறம் ஓடோமீட்டர் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காரில் இரும்பும் அலுமினியமும் மட்டும் இல்லை. பெட்ரோல் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், ஆயில் சீல், கேஸ்கெட், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ், டயர் என்று ரப்பரும் அது போன்ற பொருள்களும் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கின்றன. இவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வருடக் கணக்குதான் தெரியும். ஓடும் வண்டியில் ஆயில் சீல் எண்ணெயில் ஊறி மிருதுவாக இருக்கும். நிற்கும் வண்டியில் அது காய்ந்து, தண்டோடு ஒட்டிக்கொண்டு, முதல் தடவை சுற்றும்போதே அதன் விளிம்பு கிழியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பருக்குள் துருவாகி பிஸ்டனை இறுக்கிவிடும். பழைய பிரேக் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே வீங்கிப் பாதை அடைபட்டிருக்கும். மிதிக்கும்போது பிரேக் பிடிக்கும், காலை எடுத்த பிறகும் விடாது. சக்கரம் சூடாகிப் புகை வரும்வரை ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

பெட்ரோல் இன்னும் மோசம். சில மாதங்களிலேயே கெட ஆரம்பித்து, கடைசியில் பிசினாக மாறிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் அரிக்கும். பெட்ரோலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் போஷ் கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர வகை இன்ஜெக்ஷன் போர்ஷே 911, ஃபெராரி 308 ஜிடிபிஐ, 328, மெர்சிடிஸ் எஸ்எல் எனப் பல வண்டிகளில் இருக்கிறது. அதில் பெட்ரோலைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஃப்யூயல் டிஸ்டிரிப்யூட்டருக்குள் இருக்கும் சிறிய தண்டு, முடி நுழையாத அளவு நுணுக்கமான இடைவெளியில் நகர வேண்டியது. இரண்டு வருடம் சும்மா நின்ற வண்டியில் அது அப்படியே ஒட்டிப்போயிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இன்ஜின் நிற்கும்போது ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடியேதான் இருக்கும். அதன் வழியாக ஈரக்காற்று இறங்கி, சிலிண்டர் சுவரில் வளையமாகத் துரு பிடிக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் நடக்க வண்டி ஒரு அடிகூட நகர வேண்டாம்.

ஃபெராரி 308, 328 வேலை தெரிந்த மெக்கானிக்குகள், வண்டி ஓடியதோ இல்லையோ, டைமிங் பெல்ட்டை மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். இந்த இரண்டிலாவது இன்ஜின் இருக்கும் இடத்திலேயே வேலை முடியும். ஃபெராரியின் டெஸ்டரோசா, 348, எஃப்355 மூன்றிலும் இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். அந்தச் செலவு எவ்வளவு என்று விற்பவருக்குத் தெரியும். பெல்ட் மாற்ற வேண்டிய வருடம் நெருங்கும்போது இந்த வண்டிகள் விற்பனைக்கு வருவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

அந்த ஓடோமீட்டர் எண்ணையாவது நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. 1980களின் 911இல் ஓடோமீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடைந்துபோவது சாதாரணம். வேகமானி வேலை செய்யும், எண் மட்டும் நகராது. அப்படியே பத்து வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜாகுவார் இ-டைப் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். எண்ணை விட்டுவிட்டு பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், ஓட்டுநர் பக்க சீட்டின் ஓரத் தையலைப் பாருங்கள், ஸ்டியரிங் பிடி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 19,000 கிலோமீட்டர் என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடி, வருடா வருடம் பில் வைத்திருக்கும் வண்டி ஒன்று. இருபதாயிரம் ஓடி, ஒரு பில்கூட இல்லாத வண்டி இன்னொன்று. இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் முதல் வண்டியின் சாவியை எடுப்பேன்.

சரி, அடுத்தது துரு. இன்ஜின் சத்தத்தில் மயங்கி உடம்பைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இன்ஜினைப் பிரித்துக் கட்டலாம். செலவு பெரிதுதான், ஆனால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். துரு பிடித்த பாடிக்கு அப்படிச் சொல்லவே முடியாது. ஒரு தகட்டை வெட்டினால் பின்னால் இருக்கும் தகடும் போயிருக்கும்.

1961 முதல் 1975 வரை வந்த ஜாகுவார் இ-டைப்பில், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. அது அரித்துப்போனால் கதவு இடைவெளி மேலும் கீழும் மாறுபடும். முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டமோ உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். போர்ஷே 911ஐ 1976 மாடலிலிருந்து துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் தரை, பேட்டரிப் பெட்டி, பின்பக்க சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குழாய் எல்லாவற்றையும் குனிந்து பார்க்க வேண்டும். பிந்தைய வண்டியானாலும் விபத்தில் அடிபட்டு வெல்ட் வைத்த இடத்தில் பூச்சு போயிருக்கும். 1971 முதல் 1989 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்எல், அதாவது ஆர்107, பார்வைக்கு மிக உறுதியானது. அதில் கண்ணாடிக்கு முன்னால் மழைநீர் வடியும் வழி அடைபட்டால், இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான சுவர் அரிக்கும். அதைச் சரிசெய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். முன்சீட்டுக் கம்பளத்தைத் தூக்கிக் கையை வையுங்கள், ஈரம் பட்டால் விஷயம் புரிந்துவிடும். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, டிபி5 இரண்டும் மெல்லிய எஃகுக் குழாய்க் கூண்டின் மேல் அலுமினியத் தோல் போர்த்தியவை. எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்து தொட்டுக்கொள்ளும் இடத்தில் அரிப்பு தானாக நடக்கும். "அலுமினியம் பாடி, துருவே பிடிக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய துணியில் சுற்றி. இரும்புத் தகட்டில் ஒட்டாத இடத்தில் பட்டி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ஃபெராரி 308 ஜிடிபியின் ஆரம்பகால வண்டிகள் ஃபைபர்கிளாஸ் பாடி. அங்கே காந்தத்தை வைத்துவிட்டு வண்டி போலி என்று சண்டை போட வேண்டாம். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். விற்பனைக்கு ஒரு வாரம் முன்னால் அடித்த பூச்சு எதையோ மறைக்கத்தான் அடிக்கப்பட்டிருக்கும்.

காகிதம். இன்ஜின் எண், சேசிஸ் எண், முடிந்தால் கியர்பாக்ஸ் எண், மூன்றையும் உங்கள் கண்ணால் படியுங்கள். விற்பவர் அனுப்பும் போட்டோவில் வேண்டாம். எண்களைச் சுற்றி உலோகம் தேய்த்த அடையாளம் இருக்கிறதா, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை தரும் சான்றிதழில், வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த எண்களும் நிறமும் இருக்கும். ஃபெராரிக்கு அந்த நிறுவனமே தரும் 'கிளாசிக்கே' என்ற அசல் சான்று உண்டு. இன்ஜின் மாறிய வண்டி கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. ஓட்டிச் சந்தோஷப்பட அது போதும். அசல் வண்டிக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விலை குறைவாகக் கிடைத்தது என்று வருபவர்களுக்கு ஒன்று. பன்னிரண்டு சிலிண்டர் வண்டியின் விலை காலத்தோடு இறங்கியிருக்கலாம். அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. அது புதிதாக வந்தபோது எந்தத் தரத்து வண்டியோ, அந்தத் தரத்துக்கான செலவை இன்றும் கேட்கும். பாதி பிரித்து அட்டைப்பெட்டிகளில் போட்ட வண்டியை "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம்" என்று வாங்காதீர்கள். அந்தப் பெட்டிகளில் எது இல்லை என்பது கட்டும்போதுதான் தெரியும். இருப்பதிலேயே நல்ல வண்டியை வாங்குங்கள். ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள்.

பார்க்கப் போகும் அன்று, இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினுக்கு மேலுள்ள மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் காட்டும் ஏதோ ஒன்றை அவர் உங்களிடமிருந்து மறைக்கிறார். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காற்றுக் குளிர்ச்சி 911இல் இன்ஜின் படுக்கை வாக்கில் இருப்பதால், முதல் சில நொடிகள் கொஞ்சம் புகை வருவது வழக்கம். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த வண்டியில் ஆயில் அளவை இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று மேலே மேலே ஊற்றியவர்களின் வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முன்னால் செய்த டயர். டயரின் தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இவ்வளவு பழைய டயரில் வேகமாகப் போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். இன்ஜின் கெட்டால் பணத்தோடு போகும்.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் அந்த மாடலில் கை வைத்துப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவரின் நண்பர் வேண்டாம். சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் லீக்டவுன் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு வண்டி விலையில் ஒரு துளி. போன வாரம் வந்தவர் அந்தத் துளியை மிச்சப்படுத்தினார். லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால், உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

வாங்கியாயிற்று என்றால் ஓட்டி வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். பெல்ட் உள்ள வண்டிக்கு பெல்ட், எல்லாவற்றுக்கும் பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், டயர், எல்லாத் திரவங்களும் மாற்றிய பிறகுதான் முதல் பயணம். பெட்ரோல் ஹோஸை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். நடுவிலோ பின்னாலோ இன்ஜின் உள்ள வண்டியில் தீ உங்கள் முதுகுக்குப் பின்னால் பிடிக்கும், நீங்கள் பார்ப்பதற்குள் பெரிதாகிவிடும். கை எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

அதற்குப் பிறகு ஓட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆயில் முழுதாகச் சூடாகும்வரை, அரை மணி நேரம். ஷெட்டில் நிறுத்தியபடியே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது வேண்டாம். இன்ஜின் சூடாகாமலே நின்றால் எரிந்த பெட்ரோலின் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அப்படிச் செய்வதைவிட அன்றைக்கு ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடலாம்.