சிக்னல் இல்லாத கடலில் நகரும் நீலப்புள்ளி

பாம்பனிலிருந்து நாட்டுப்படகில் தொழிலுக்குச் செல்லும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கரை மறைந்ததும் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இருப்பதில்லை, ஆனால் வரைபடத்தில் நீலப்புள்ளி மட்டும் படகோடு சேர்ந்து நகர்கிறதே, எப்படி?" எல்லைக் கோட்டைத் தாண்டினால் படகையே இழக்க நேரிடும் பாக் நீரிணையில், இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

செல்போன் கோபுரத்துக்கும் இருப்பிடத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் தம் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை, வெறுமனே கேட்கிறது. ஆகவே, "செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது" என்ற பரவலான அச்சத்துக்கு இங்கே இடமில்லை. அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். இடத்தைக் கணக்கிட மூன்று தொலைவுகள் போதும். போனின் மலிவான கடிகாரம் செய்யும் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவது ஒன்று தேவை.

என்னை வியக்க வைப்பது இந்த வடிவியல் அன்று, அந்த அலையைப் போன் 'கேட்கும்' விதம்தான். எல்லா ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பேசுகின்றன. அதுவும் அந்த அலைகள் தரையை வந்தடையும்போது, ஆன்டெனாவில் எப்போதும் இருக்கும் ஒழுங்கற்ற மின் சலசலப்பான இரைச்சலின் ஆற்றலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காக மெலிந்துவிடுகின்றன.

நம் ஊர்ப் பெண்கள் பெட்டி முடையும் பனையோலையில் ஒரு நீண்ட துண்டை எடுத்து, அதில் 1023 கட்டங்களை ஒழுங்கற்றதுபோல் தோன்றும் வரிசையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சாயமேற்றியதாகக் கொள்வோம். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனி வரிசை உண்டு. ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது. அதன் நகல் போனிடம் முன்பே இருக்கிறது. வந்த அலையின்மீது நகலைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, நிறம் ஒத்தால் கூட்டல் 1, ஒவ்வாவிட்டால் கழித்தல் 1 என்று போன் எண்ணுகிறது. சரியாகப் பொருந்தும் ஒரே நிலையில் கூட்டுத்தொகை 1023. மற்ற எந்த நிலையிலும் அது 63, கழித்தல் 1, கழித்தல் 65 ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும்படி வரிசைகள் கணித நுட்பத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இரைச்சல் என்ன ஆகிறது? அதற்கு ஒழுங்கு கிடையாது. கூட்டும்போது மேலும் கீழுமாகத் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. 1023 கட்டங்களைக் கூட்டினால் உண்மையான அலை 1023 மடங்கு வளர, இரைச்சல் அதன் வர்க்கமூலமாகிய 32 மடங்கே வளரும். ஆற்றலில் நூறில் ஒரு பங்கு என்றால் அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரே சுற்றில் அலை இரைச்சலைவிட மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். பத்துச் சுற்றுகளைச் சேர்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. பெருக்கலும் கூட்டலும் தவிர இதில் வேறெதுவும் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. நகலை எத்தனை கட்டம் நகர்த்த வேண்டியிருந்தது என்பதே நேர வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறது: ஒரு கட்டத்துக்கான நேரத்தில் அலை கடக்கும் தொலைவு சுமார் 293 மீட்டர், கட்டத்தின் பின்னத்தை அளந்தால் பிழை சில மீட்டராகக் குறையும்.

இவ்வளவும் கடிகாரத்தை நம்பியே நிற்கிறது. ஒரு மைக்ரோ நொடி தவறினால் 300 மீட்டர் தவறும். ஜிபிஎஸ் போலவே இருப்பிடம் காட்ட இந்தியா உருவாக்கிய நாவிக் அமைப்பின் செயற்கைக்கோள்களில் முதலில் வைத்த இறக்குமதிக் கடிகாரங்கள் பல பழுதாயின. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 தான் உள்நாட்டில் செய்த ரூபிடியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது, ஆய்வகத்தில் பல ஆண்டு கடிகாரம் செய்தவர்களுக்கும், பணமாகவும், கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகருக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை, கரையில் இருக்கும்போது போன் இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. கடலில் அதே விவரத்தை, நொடிக்கு 50 பிட் வேகத்தில், முப்பது நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும் ஒலிபரப்பிலிருந்தே சேகரிக்க வேண்டும். போனை அணைத்து வைத்திருந்து நடுக்கடலில் திறந்தால் புள்ளி தாமதமாகத் தோன்றுவது இதனால்தான். ஆகவே, படகை அவிழ்க்கும் முன்பே இருப்பிட வசதியைத் திறந்துவிடுங்கள். வரைபடத்தையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தான் இருக்கும் இடத்தைச் சரியாக அறிந்த புள்ளி வெற்றுத் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும்.