கிராக்ட்: டச்சு ஊரின் அகழி

டெல்ஃப்ட் என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு நினைவு வருவது நெடுந்தீவு. எனக்கும் அப்படித்தான். அந்தப் பெயரின் தாய் ஊர் நெதர்லாந்தில் இருக்கிறது. என் கணவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. முதல்முறை அங்கே போன அன்று மாலை அம்மா தொலைபேசியில், "ஊர் எப்படி இருக்கு பிள்ளை?" என்று கேட்டார். "தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுது அம்மா" என்றேன். சொன்ன உடனேயே உறுத்தியது. வாய்க்கால் என்றதும் அம்மாவுக்குத் தோன்றுவது வயலுக்குப் பாயும் தண்ணீர். என் முன்னால் இருந்ததோ ஓடாத தண்ணீர். இரு பக்கமும் செங்கல் கரை, கரையோரம் மரம், அதை ஒட்டித் தெரு, தெருவைப் பார்த்து உயரமான குறுகிய வீடுகள். இத்தனையும் சேர்ந்ததற்கு அந்த ஊரார் வைத்திருக்கும் ஒரே சொல் 'கிராக்ட்'.

எழுத்தில் கிராக்ட் என்றாலும், முதலிலும் நடுவிலும் வரும் ககரம் தொண்டையில் உரசி வருகிறது. 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தை அழுத்திச் சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்டப் பிடிபடும். பன்மை 'கிராக்டன்'.

சொல்லின் வேர் 'கிராவன்' என்ற வினை. பொருள், தோண்டுதல். பழைய டச்சில் இது 'கிராஃப்ட்' என்று இருந்து, பின்னால் 'கிராக்ட்' ஆனது. ஜெர்மன்காரர் காற்றை 'லுஃப்ட்' என்பார்கள், டச்சுக்காரர் 'லுக்ட்' என்பார்கள். அதே மாற்றம்தான் இங்கும். ஆக, கிராக்ட் என்றால் தோண்டப்பட்டது. கல்லறைக்கு அவர்கள் சொல்லும் 'கிராஃப்' என்பதும் இதே வேரில் பிறந்தது. ஓவியர் வெர்மீர், நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹுக், இருவரும் 1632இல் இந்த ஊரில் பிறந்து இங்குள்ள பழைய தேவாலயத்துக்குள் அடக்கமானவர்கள். அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வாசலிலேயே கிராக்ட். அன்றைக்கு அந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்புறம் ஊர்ப் பெயர். 'டெல்வன்' என்ற இன்னொரு டச்சு வினைக்கும் தோண்டுதல் என்றுதான் பொருள். 'டெல்ஃப்' என்றால் தோண்டிய நீர்வழி. இந்த ஊரில் முதலில் வெட்டிய நீர்வழியின் பெயரே ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. 1246இல் நகர உரிமை கிடைப்பதற்கு முன்பே அந்த நீர்வழி இருந்தது. இன்றும் 'அவுட டெல்ஃப்ட்', அதாவது பழைய டெல்ஃப்ட் என்ற பெயரில் அது ஊரின் நடுவே நிற்கிறது. அதன் கரையில் நடக்கும்போது கணவர் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டினார். ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1584இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரின்சன்ஹோஃப், இந்தச் சுற்றுவட்டாரத்தின் தண்ணீரை 13ஆம் நூற்றாண்டிலிருந்து கவனித்துவரும் டெல்ஃப்லாந்து நீர் வாரியத்தின் பழைய மாளிகை, ஒல்லாந்த, அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் டெல்ஃப்ட் கிளை இயங்கிய வீடு. அந்தக் கடைசி வீட்டின் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். நெடுந்தீவுக்கு இந்த ஊரின் பெயரைச் சூட்டியவர்கள் அந்தக் கம்பனிக்காரர்கள்தான்.

அலங்காரத்துக்காக இவ்வளவு தோண்டவில்லை. இது தாழ்ந்த, ஈரம் வடியாத சதுப்பு மண். வெட்டினால் நீர் வடிந்து இறங்க இடம் கிடைக்கும், வெட்டிய மண்ணைப் போட்டுப் பக்கத்து நிலத்தை உயர்த்தலாம், படகில் சரக்கும் கொண்டுவரலாம். ஆனால் தோண்டிய இடம் எளிதில் மறக்காது. பழைய தேவாலயத்தின் 75 மீட்டர் கோபுரத்துக்கு இடம் போதாமல் கிராக்டின் ஒரு பகுதியைத் தூர்த்து அதன்மேல் கட்டினார்கள். கோபுரம் ஏறக்குறைய 2 மீட்டர் சாய்ந்து நிற்கிறது. ஊரார் அதைக் 'கோணல் யான்' என்று ஆளைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யான் என்பது அங்கே ஆண்களுக்கு வைக்கும் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பயணக் கட்டுரைகளில் எல்லாம் 'கால்வாய்' என்றே எழுதுகிறார்கள். டச்சில் பெரிய கப்பல் கால்வாய்க்கு 'கனால்' என்று தனிச் சொல் உண்டு. வயலோரச் சிறு வாய்க்காலுக்கு 'ஸ்லோட்' உண்டு. எல்லாவற்றையும் கால்வாய் என்றால் இந்த வேறுபாடு போய்விடுகிறது. தவிர, காலும் வாய்க்காலும் நீர் ஓடும் வழியைச் சொல்லும் சொற்கள். கிராக்டில் நீர் பெரும்பாலும் நிற்கிறது.

என் விடை 'அகழி'. அகழ் என்றால் தோண்டு, அகழப்பட்டது அகழி. அகழாய்வு என்று நாம் தினமும் செய்தியில் படிக்கும் சொல்லிலும், வள்ளுவரின் 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்ற தொடரிலும் இருப்பது இதே அகழ்தான். கிராவனிலிருந்து கிராக்ட் பிறந்த வழியிலேயே அகழிலிருந்து அகழி பிறந்திருக்கிறது. கோட்டையைச் சுற்றியுள்ளதுதானே அகழி என்று கேட்கலாம். டச்சுக்காரர்களும் கோட்டையைச் சுற்றி வெட்டியதைக் கிராக்ட் என்றுதான் சொல்கிறார்கள். பழந்தமிழில் 'கிடங்கு' என்றாலும் அகழிதான், ஆனால் இன்று அது சரக்கறையாகிவிட்டது. குழப்பம் வேண்டாம் என்றால் கோட்டைக்கு அகழி, ஊருக்குள் இருப்பதற்கு 'ஊரகழி' என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் அம்மாவை மீண்டும் கூப்பிட்டேன். "வாய்க்கால் இல்லை அம்மா, அகழி. எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி இருக்கே, அதுமாதிரி" என்றேன். "அதுவும் அவங்கள் வெட்டினதுதானே" என்றார் அம்மா.