தைவதம் இறங்கும் இடம்

சுருதிப் பெட்டியை நாலரைக் கட்டையில் (மேற்கத்திய F ஷார்ப் சுருதி) வைத்துக்கொண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ஸ, அதோடு சேர்ந்துகொள்ளும். 1982-இல் வெளியான ‘திரில்லர்’ ஆல்பத்தின் பாட்டு அது. இன்றும் ஒலிக்கத் தொடங்கியதுமே கால் தாளம் போடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை நம் ஸ்வரங்களை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

முதல் நான்கு விநாடி வெறும் டிரம்ஸ்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 117 தட்டு. நான்கு தட்டுச் சுற்றில் ஒன்றிலும் மூன்றிலும் கனத்த கிக் டிரம், இரண்டிலும் நான்கிலும் சுளீரென்ற ஸ்னேர் டிரம். சிக்கலான கணக்கு எதுவும் கிடையாது. எதிரொலியும் அநேகமாக இல்லாததால் ஒவ்வொரு அடியும் காதுக்குப் பக்கத்தில் விழுகிறது.

அடுத்து பேஸ் கிட்டார். பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாசித்தவர் லூயிஸ் ஜான்சன். நான்கு தட்டுக்கு எட்டு ஸ்வரம்: ஸ ப நி ஸ நி ப ம ப. மேல் ஷட்ஜத்திலிருந்து கீழே இறங்கி, மத்யமத்தை (ம) தொட்டுவிட்டுப் பஞ்சமத்தில் (ப) முடியும். பஞ்சமத்தில் காது நிலைகொள்ளாது, ஷட்ஜத்தைத் தேடும். தேடியது அடுத்த தட்டிலேயே கிடைக்கும், ஆனால் அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும். முடிவும் தொடக்கமும் இப்படிப் பின்னிக்கொள்வதால்தான் எத்தனை முறை சுற்றினாலும் சலிப்பதில்லை.

இந்த ஸ்வரங்கள் மிகவும் தாழ்ந்தவை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவற்றைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது! ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே ஒலிக்கும். அவை மட்டும் காதை எட்டினால் போதும், விடுபட்ட அடி ஸ்வரத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

பேஸின் அந்த எட்டு ஸ்வரத்தில் காந்தாரம் (க) இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு பாட்டு மலர்ச்சியா சோகமா என்று நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது காந்தாரம்தான். அதைச் சொல்லாமல் பேஸ் காக்கவைக்கிறது. பிறகு சிந்தசைசர் ஸ, ரி, க, ரி என்று கார்டுகளாக (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) ஏறி இறங்கும்போது சோகத்தின் பக்கம் சாயும் ‘சாதாரண காந்தாரம்’ வெளிப்படுகிறது, கூடவே தைவதத்தில் (த) உயர்ந்த வகையான சதுஸ்ருதி தைவதமும். எல்லாம் சேர்த்தால் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்கள். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, ராகம் என்று சொல்லக்கூடாது. ஆனால் ஸ்வரக்கூட்டு அதுவே.

தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுக்கு 29 விநாடி முன்னிசை நீளமாகப் பட்டது. அதுதான் தன்னை ஆடவைக்கிறது என்று ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்பேன். காந்தாரத்துக்காகக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் இல்லாவிட்டால் அது வரும்போது இவ்வளவு அழுத்தம் இருக்காது.

பல்லவிக்கு முந்தைய பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஜாக்கிரதையாக இரு என்று ஊராரும் அம்மாவும் சொன்ன புத்திமதி வரும் இடம். பேஸ் தன் பழைய வட்டத்தை விட்டு விலகும். தைவதம் அரை ஸ்வரம் இறங்கிச் சுத்த தைவதமாகும், கரகரப்பிரியா, நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களாக இருண்டுவிடும். ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறியது, ஆனால் எச்சரிக்கையின் கனம் வார்த்தைக்கு முன்பே வந்து சேர்கிறது. அந்தப் பகுதியின் கடைசிக் கார்டில், அதுவரை அந்தப் பக்கமே வராத காகலி நிஷாதம் (உயர்ந்த நி) நுழையும். ஷட்ஜத்துக்கு அரை ஸ்வரம் கீழே, வாசற்படியிலேயே நிற்கும் ஸ்வரம் அது. காது தவிக்கும். அந்தத் தவிப்பின் உச்சியில் பேஸ் பழையபடி ஸ-வில் இறங்க, பில்லி ஜீன் என்று பல்லவி எழும்.