ஜன்னல் வெயில் பல்லியின் எலும்புக்குப் போய்ச் சேராது

“தொட்டி ஜன்னலோரம்தான் இருக்கு டாக்டர், தினமும் நல்லா வெயில் படுது.” கீழ்த்தாடை ரப்பர் போல வளைகிற பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை மேசையில் இறக்கி வைத்ததும் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான். இந்த வாரமும் விழுந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு எது, சுற்றியுள்ள தசை எது என்று பிரித்துப் பார்க்கவே சிரமம். வளர்த்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல. வேளைக்கு இரை போட்டு, தொட்டியைத் துடைத்து, அன்பாக வளர்த்தவர்கள். அதனால்தான் ஆற்றாமை அதிகமாகிறது.

கண்ணாடி வழியாக உள்ளே வருவது வெளிச்சம் மட்டுமே. எலும்புக்கு வேண்டியது வேறு. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான யுவிபி என்ற புற ஊதாக் கதிர்தான் ஊர்வனவற்றின் தோலில் வைட்டமின் டி3 உருவாக வழிசெய்கிறது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தின்றாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடல் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் தடுக்கும். உச்சி வெயிலானாலும் தடுக்கும். பல்லி அந்த வெயிலில் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தாலும் தடுக்கும். அதற்குக் கிடைப்பது கதகதப்புதான், யுவிபி அல்ல. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் தொட்டியின் சுவர் இன்னொரு கண்ணாடி. சாதாரண அக்ரிலிக் பலகையையும் நம்பாதீர்கள்.

அப்படியானால் தொட்டியையே தூக்கி வெயிலில் வைத்துவிடலாமே என்று யோசிக்கவே வேண்டாம். மூடிய கண்ணாடித் தொட்டி நேர் வெயிலில் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும், உள்ளிருப்பது வெந்து செத்துப்போகும். வெயில் காட்ட வேண்டுமென்றால் நாலாபுறமும் வலை அடித்த கூண்டு, அதில் பாதியளவு நிழல், ஒதுங்க ஒரு மறைவிடம், பக்கத்திலேயே ஓர் ஆள்.

அடுத்தது, “பல்பு எரியுதே!” எரியட்டும். யுவிபி தருவதற்கென்றே தொட்டியில் மாட்டும் டியூப் விளக்கில் முதலில் குறைவது யுவிபிதான். வெளிச்சம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தடித்த டி8 டியூபை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மெல்லிய டி5 டியூபை ஒரு வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மாட்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதி டியூப் ஃபிட்டிங்கிலேயே ஒட்டிவிடுங்கள். வெள்ளை எல்இடி, சாதாரண ஹீட் பல்பு, செராமிக் ஹீட்டர் எதிலும் யுவிபி கிடையாது. பெட்டியில் ‘பகல் வெளிச்சம்’ என்று போட்டிருந்தால் நிறத்தைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

டியூபைத் தொட்டி மூடியின் மேல் வைத்தால் வலை தன் பங்குக்குக் கதிரைப் பிடித்துக்கொள்ளும். கண்கள் நெருக்கமான வலை என்றால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ போய்விடும். முடிந்தால் டியூபை வலைக்கு உள்ளே, விலங்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். தொட்டியின் பாதி நீளத்துக்காவது டியூப் இருக்கட்டும். தூரம் கூடக் கூடக் கதிர் வேகமாகக் குறையும் என்பதால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். புற ஊதாக் கதிரின் வலிமையை எண்ணாகக் காட்டும் யுவி இண்டெக்ஸ் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பியர்டட் டிராகன் குளிர்காயும் இடத்தில் அதன் முதுகு உயரத்தில் 3 முதல் 4 வரை காட்ட வேண்டும். அந்தியில் நடமாடும் லெப்பர்ட் கெக்கோ பல்லிக்கு 0.7க்குள் போதும், அதற்கு டிராகனின் டியூபைப் போட்டால் கண்ணும் தோலும் புண்ணாகும்.

யுவிபியும் சூடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தோலில் உருவாகும் முன்பொருள் டி3 ஆக மாறுவதற்கே உடல் சூடு தேவை. டிராகனுக்குக் குளிர்காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் அளவில், தொட்டியின் மறுமுனை 25 அளவில். இரவில் எல்லா விளக்கையும் அணையுங்கள்.

இனி கால்சியம். கிரிக்கெட் பூச்சியிலும் மீல் வார்ம் புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். உடலுக்கு வேண்டிய விகிதம் இதற்கு நேர் எதிர். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. இரைப் பூச்சிக்கு ஒரு நாளாவது கீரையும் காயும் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் பவுடர் போட்டு, அந்த வேளைக்கான பூச்சிகளை விட்டு மெல்லக் குலுக்குங்கள். கறுத்த பூச்சி சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அதுதான் பதம். உடனே போடுங்கள். தப்பித்துக் கட்டைக்கு அடியில் ஒளிந்த பூச்சி சில மணி நேரத்தில் மாவையெல்லாம் துடைத்துக்கொண்டுவிடும், பிறகு அதைத் தின்று பயனில்லை. வளரும் குட்டிக்குத் தினமும், பெரியதற்கு வாரம் இரண்டு மூன்று முறை. சரியான யுவிபி இருந்தால் டி3 கலக்காத பவுடரே அன்றாடத்துக்கு ஏற்றது. டி3யை அள்ளிக் கொடுத்தால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

தவளைகளுக்கும் பூச்சிதான் இரை, ஆகவே பவுடர் விஷயம் அவற்றுக்கும் பொருந்தும். டரன்டுலா என்ற பெரிய சிலந்திக்கு எலும்பே இல்லை; அதன் தொட்டியில் யுவிபி டியூபை மாட்டாதீர்கள்.

இந்த எலும்பு நோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நடை மாறும்: வயிற்றைத் தூக்கி நடந்தது தரையில் இழுத்து நடக்கும். கையில் எடுக்கும்போது அதன் ஒரே ஒரு விரல் மட்டும் துடிக்கும். விட்டுவிட்டுத் துடிக்கும், பார்த்தால்தான் தெரியும். இரையைப் பாய்ந்து பிடித்தாலும் கடிக்க முடியாமல் நழுவ விடும். பிறகுதான் தாடை வீங்கும், முதுகு வளையும். ஆமையில் ஓடு அழுத்தினால் அமுங்கும். கால் தடித்திருப்பதைப் பார்த்து “நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டான்” என்று மகிழ்பவர்கள் உண்டு. அது கொழுப்பல்ல, பலமிழந்த எலும்பைச் சுற்றி நார்த்திசு தடித்துப்போனது.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் தொட்டியிலிருக்கும் உயரமான கிளைகளை எடுத்துவிடுங்கள், விழுந்தால் ஒடியும். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மார்பும் வயிறும் உள்ளங்கையில் படிய ஏந்துங்கள். நீங்களாகக் கால்சியம் சிரப்பை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உடல் துடித்தாலோ விறைத்தாலோ அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் வந்தால் எலும்பு திரும்பக் கெட்டிப்படும். வளைந்த தாடை மட்டும் வளைந்தபடியே நின்றுவிடும். வரும்போது தொட்டியின் முழுப் படம் ஒன்று, பல்புப் பெட்டி, பவுடர் டப்பா மூன்றையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். வெறும் பெட்டியில் விலங்கை மட்டும் கொண்டுவந்தால், எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.