கோழிக்குஞ்சு மானியம்: குஞ்சோடு சேர்த்துக் கேட்டுப் பெறவேண்டியவை

வன்னியில் அரச உதவியாக வரும் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் மாகாணக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் ஊடாகவே வருகின்றன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்குரிய விடயம். ஆகவே நீங்கள் கரைச்சியில் இருந்தாலும் ஒட்டுசுட்டானில், நெடுங்கேணியில், மடுவில் இருந்தாலும் போகவேண்டிய இடம் உங்கள் பிரதேசத்துக்குரிய கால்நடை வைத்தியர் பணிமனைதான். குஞ்சைப் பிரதேச செயலகமோ தொண்டு நிறுவனமோ தந்திருந்தாலும் தடுப்பு மருந்துக்கும் ஆலோசனைக்கும் அந்தப் பணிமனையையே நாடலாம். தாங்கள் தராத கோழி என்று அவர்கள் கைவிரிக்க வேண்டியதில்லை.

எத்தனை குஞ்சு, என்ன வயது, பயனாளி எவ்வளவு பங்கு கட்டவேண்டும் என்பதெல்லாம் ஒவ்வோர் ஆண்டின் நிதி ஒதுக்கீட்டோடு மாறும். எனவே அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் ஆண்டின் தொடக்கத்திலேயே அடையாள அட்டையோடு போய், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். ஒதுக்கிய பணத்தை டிசம்பருக்குள் செலவழிக்க வேண்டியிருப்பதால் குஞ்சு விநியோகம் மழைக்காலத்தில் வந்துசேர வாய்ப்பு அதிகம். நவம்பர் மழையில், வாடைக்காற்றில், ஒதுக்கில்லாத முற்றத்தில் இறக்கிவிட்ட ஒரு மாதக் குஞ்சு கூதலிலேயே செத்துப்போகும். அதற்காகவாவது கூடு முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். கூட்டைப் பார்த்த பிறகுதான் குஞ்சு என்று போதனாசிரியர் நிபந்தனை வைத்தால், அது உங்கள் நன்மைக்கானது.

பத்துக் கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலமுள்ள கூடு போதும். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்தி, நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையுங்கள். அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே அதிகம் அடிக்காது. கூரைக்குக் கிடுகோ பனையோலையோ தகரத்தைவிட நல்லது. பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். பெரிய கண் வலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் வழியே பாம்பு நுழையும், மரநாய் கையை விட்டு இழுக்கும். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். ஆகவே கருக்கலுக்கு முன் கோழிகளை அடைத்துக் கதவைப் பூட்டவேண்டும். மழைக்காலத்தில் வடகிழக்குப் பக்கத்துக்குச் சாக்குப் படங்கு கட்டி, தரையில் உமியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். நனைந்த உமியை உடனே மாற்றுங்கள். ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் பெருகும்.

அடுத்தது தீன். ஒரு மாதக் குஞ்சுகள் பத்துக்கு அடுத்த நான்கு வாரத்துக்குச் சுமார் 12 கிலோ குஞ்சுத்தீன் வேண்டும். அந்தப் பணத்தை முதலே ஒதுக்கிவிடுங்கள். அந்த வயதில் குருணலையும் சோற்றையும் மட்டும் போட்டால் புரதம் போதாமல் செட்டை வளராது, முட்டையும் பிந்தும். வளர்ந்த பிறகு வளவில் மேயும் ஊர்க்கோழிக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் மேலதிகத் தீன் போதும். பத்துக்கு மாதம் 12 முதல் 15 கிலோ வரும். குருணல் அல்லது இடித்த சோளம் 5 கிலோ, தவிடு இரண்டரை, தேங்காய்ப் புண்ணாக்கு ஒன்றரை, மீன்தூள் 1 கிலோ சேர்த்தால் 10 கிலோக் கலவை. சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும். மீன்தூளுக்குப் பதிலாக உப்புக் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள். கோழிக்கு உப்பு மிஞ்சினால் நஞ்சு. பூஞ்சணம் பிடித்த கச்சானும் சோளமும் ஈரலைக் கெடுக்கும், ஆகவே மனிதர் சாப்பிடாததைக் கோழிக்குத் தள்ளும் பழக்கம் இங்கே வேண்டாம். காலபோக அறுவடை முடிந்த வயலில் உதிர்நெல் நல்ல மேய்ச்சல்தான். பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் மட்டும் கோழிகளைக் கூட்டிலேயே விடுங்கள்.

திட்டத்தில் தரப்படுவது கலப்பின முட்டைக்கோழி என்றால் கணக்கு வேறு. முட்டையிடும் பருவத்தில் அதற்கு நாளுக்கு 110 கிராம் அளவில் தீன் தேவை. அது அடைகாப்பதும் அரிது. குஞ்சு பெருக்க நினைப்பவர்கள் ஓர் ஊர்ப்பேட்டுக் கோழியையும் வைத்திருங்கள். சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை 10 முதல் 12 வரை வைத்தால் 21 நாளில் பொரிக்கும்.

இனி, கொடுத்த குஞ்சுகளை ஊரோடு அழிக்கும் ராணிக்கெட் நோய். பச்சைக் கழிச்சல், வாய் பிளந்து மூச்சு வாங்கல், கழுத்து முறுகல் ஆகியவை அதன் அறிகுறிகள். வந்த பிறகு மருந்தில்லை, தடுப்பு மருந்து மட்டுமே வழி. குஞ்சை வாங்கும்போதே எந்தத் தடுப்பு மருந்து எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கவேண்டும். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். பத்துக் கோழிக்காகத் தனியாகக் கேட்டால் மிச்சம் வீண்போகும், அதனால் காரியமும் தள்ளிப்போகும். பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, கோழிகளின் மொத்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, விடியற்காலையில் கூடு திறக்குமுன் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே சிறந்தது. தண்ணீரில் கலந்து வைப்பதானால் குளோரின் போட்ட குழாய்நீரைப் பாவிக்கவேண்டாம், அது மருந்தைக் கொன்றுவிடும். அம்மைத் தடுப்பூசியை நுளம்பு பெருகும் மழைக்கு முன்னரே, குஞ்சுக்கு ஆறு வாரம் கடந்ததும் கேளுங்கள்.

பயனாளிகளை எப்படித் தெரிவுசெய்தார்கள், உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. தெரிவுசெய்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. தெரிவுப் பட்டியலையும் தெரிவுக்கான அளவுகோலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக முறையிட்டால் பொதுவான பதிலே வரும்.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் அறிவிக்கப்படவேண்டியவை. ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால் மற்றவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் பணிமனைக்குச் சொல்லுங்கள். கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, செத்த ஒன்றை இரட்டைப் பையில் போட்டு ஐஸில் வைத்துக் கொடுத்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.