‘ஜீரோ பேலன்ஸ்’னு யாரு சொன்னாங்க?

“அரசாங்கம் ஆயிரத்தை அறுநூத்தம்பதா குறைச்சிருச்சா சார்?”

கீழ்க்கோத்தகிரி பக்கமிருந்து வந்த ஒரு அம்மா போன மாதம் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டது இது. மகளிர் உரிமைத் தொகையைச் சொல்கிறார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார், கவருக்குள் மஞ்சள் பை, பைக்குள் பாஸ்புக். மழைக்கு அத்தனை பத்திரம். பிரித்துப் பார்த்தால் நான்கு மாதமாக ஒரு வரவும் இல்லை. எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. “ஏம்மா, வேற எங்கயாவது புதுசா கணக்கு ஆரம்பிச்சீங்களா?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மார்க்கெட் கிட்ட ஒரு தம்பி குடை போட்டு உக்காந்திருந்துச்சு சார். ஜீரோ பேலன்ஸ், ஒரு காசு வேணாம்னுச்சு. கைரேகை வெச்சேன்.”

அது ஒரு தனியார் வங்கி. பாஸ்புக் தரவில்லை. ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தோம். 15ஆம் தேதி ஆயிரம் வரவு, மறுநாளே முழுசாக எடுத்திருக்கிறார். அடுத்த மாதம் ஆயிரம் வந்த கையோடு 350 ரூபாய் சொச்சம் பிடித்தம். அதற்கடுத்த மாதமும் அப்படியே, அதற்கும் அடுத்த மாதமும். கணக்கு சுலபம். அந்தக் கிளையில் மாதச் சராசரி இருப்பு 5,000 இருக்க வேண்டும், ஆயிரம் ஒரே நாள்தான் கிடந்தது, முப்பது நாளுக்குப் பிரித்தால் இவருக்கு 33 ரூபாய்தான் தேறுகிறது, குறைகிற தொகையில் 6 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்று மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல், அதாவது ஒரு மாதத்து உரிமைத் தொகை முழுசாகப் போயிருக்கிறது. இது புதுக்கதையும் இல்லை. 2023 செப்டம்பரில் இந்தத் திட்டம் ஆரம்பித்த சூட்டிலேயே வங்கிகள் இப்படிப் பிடிப்பதாகப் புகார் கிளம்பி, அன்றைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரித்து அறிக்கை விட்டார். 1100க்கு அழைத்துப் புகார் செய்யலாம் என்றும் சொன்னார். ஆனால் பிடிப்பது மனிதன் இல்லையே, கம்ப்யூட்டர். அதற்கு உரிமைத் தொகையும் ஒன்றுதான், கேரட் விற்ற காசும் ஒன்றுதான்.

நான் 27 வருஷம் பேங்க் கவுண்டரில் இருந்துவிட்டு, இப்போது கோத்தகிரியில் சின்ன ஆபீஸ் ஒன்றில் வரிக் கணக்கும் லோன் பேப்பரும் பார்க்கிறவன். அந்த ஒரே மாதத்தில் இப்படி வந்ததில் இந்த அம்மா நான்காவது ஆள். நான்கு பேரும் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான்: “அது ஜீரோ பேலன்ஸ் கணக்கு சார்.” அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ பேலன்ஸ் என்று ஒரு கணக்கு இல்லை. மூன்று வெவ்வேறு சரக்குக்கு ஒரே பெயரை ஒட்டி விற்கிறார்கள். ஒன்று, அடிப்படை சேமிப்புக் கணக்கு. கவுண்டரில் பிஎஸ்பிடி என்போம், ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ரிசர்வ் வங்கி 2012இல் கொண்டுவந்தது, தனியார் வங்கி உட்பட எல்லா வங்கியும் கொடுத்தாக வேண்டும். இதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு வருஷக் கட்டணம் கிடையாது, மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். பணக்காரருக்கும் உண்டு, ஏழைக்கு மட்டும் என்று சட்டம் இல்லை. முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இரண்டு, சம்பளக் கணக்கு. கம்பெனி சம்பளம் போடுகிறவரை ஜீரோ. வேலையை விட்டீர்கள், பெரும்பாலான வங்கிகளில் மூன்று மாதம் சம்பளம் விழவில்லை என்றால் அது சத்தமில்லாமல் சாதாரணக் கணக்காக மாறிவிடும், அன்றிலிருந்து மினிமம் பேலன்ஸ் ஓட ஆரம்பிக்கும். திருப்பூர் போய் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நம் பையன்கள் மாட்டுவது இதில்தான். மூன்று, சாதாரண சேமிப்புக் கணக்கேதான், அந்த வங்கி அபராதத்தை மட்டும் கைவிட்டிருக்கும். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் கைவிட்டது. 2025இல் கனரா ஜூன் மாதத்திலும் பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி ஜூலையிலும் கைவிட்டன. நல்லதுதான். ஆனால் அபராதம் போனது அவ்வளவுதான், கார்டு கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கட்டணம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

குடைக்குக் கீழ் உட்கார்ந்திருந்த தம்பி சொன்ன ஜீரோ இந்த மூன்றில் எதுவுமே இல்லை. ‘ஆரம்பிக்கும்போது காசு வேண்டாம்’ என்பதைத்தான் அவர் ஜீரோ பேலன்ஸ் என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கும் மாதம் இத்தனை கணக்கு என்று டார்கெட். மார்ச் மாதம் எங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நானும் பார்த்தவன்தான். ஆனாலும் கைரேகை வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், “இது பேசிக் சேவிங்ஸ் கணக்கா, அதை எழுதிக் கொடுப்பீங்களா?” பாதிப் பேர் டேப்லெட்டை மூடிவிடுவார்கள்.

கைரேகையோடு இன்னொன்றும் நடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. படிவத்தில் மானியத்தையும் இந்தக் கணக்குக்கே வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு டிக் இருக்கும். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த வங்கியில் அப்படி இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். அந்த அம்மாவின் ஆயிரம், கேஸ் மானியம், விவசாயிகளுக்கான இரண்டாயிரம், எல்லாம் இப்படித்தான் வழி மாறுகின்றன. எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

சரி, எந்த பேங்க் நல்ல பேங்க்? எல்லாரும் கேட்கிறார்கள், கேட்டதும் வட்டியைத்தான் பேசுகிறார்கள். “அங்கே மூணு பர்சென்ட் சார், இங்கே ரெண்டரைதான்.” 2011 அக்டோபர் வரை சேமிப்புக் கணக்கு வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது, எல்லா வங்கியிலும் ஒரே வட்டி. அதன் பிறகுதான் அவரவர் இஷ்டம். உங்கள் கணக்கில் சராசரியாக எட்டாயிரம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீத வித்தியாசத்துக்கு வருஷத்துக்கு 40 ரூபாய். அதே கணக்கில் ஏடிஎம் கார்டுக்கு 200 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 236 போயிருக்கும், அதை ஒருத்தரும் பார்ப்பதில்லை. நாற்பது ரூபாய்க்கு பேங்க் மாறுகிறவர் இருநூற்று முப்பத்தாறைக் கண்ணெடுத்துப் பார்க்காததுதான் எனக்கு ஆறவே இல்லை.

வங்கிகளை ஒப்பிட விளம்பரத் தாள் வேண்டாம். உங்கள் பாஸ்புக் போதும். போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை என்ட்ரி போட்டு வாருங்கள் (மெஷின் ரிப்பேர் என்பார்கள், கவுண்டரில் கேளுங்கள், போட்டுத் தரத்தான் வேண்டும்), சிவப்புப் பேனா எடுத்து நீங்கள் எடுக்காத பணம் எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள். கூட்டுங்கள். அதுதான் உங்கள் பேங்க் உங்களிடம் வாங்குகிற வருஷ வாடகை. அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பேங்க் வாசலில் நிற்க வேண்டும், “நான் மாசம் இத்தனை தடவை எடுப்பேன், செக் எழுத மாட்டேன், கார்டு ஒண்ணு போதும், எனக்கு என்ன ஆகும்?” என்று. கட்டணப் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும், கிளையிலும் கேட்கலாம்.

எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஒருவரின் பாஸ்புக்கில் போன வருஷம் இப்படி வட்டம் போட்டோம். எஸ்எம்எஸ்ஸுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15 ரூபாயும் வரியும். மே மாதம் சீசன் நேரத்தில் ஊட்டியில் அவர் பேங்க் ஏடிஎம் காலி, அடுத்த பேங்க் மெஷினில் எடுத்திருக்கிறார். நம் மலை மெட்ரோ நகரம் இல்லாததால் வேறு வங்கி மெஷினில் மாதம் ஐந்து முறை இலவசம், தாண்டினால் 2025 மே முதல் 23 ரூபாய் வரை, வரியோடு 27 சொச்சம். மனிதர் அவ்வளவு எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். எடுக்கவில்லைதான், ஆனால் பேலன்ஸ் எத்தனை என்று பார்த்துப் பார்த்தே ஐந்தைத் தீர்த்துவிட்டார். வேறு வங்கி மெஷினில் பேலன்ஸ் பார்த்தாலும் ஒரு கணக்கு. (மெஷினில் பணம் இல்லாமல் வராமல் போனால் அது கணக்கில் சேராது, ரிசர்வ் வங்கி 2019இலேயே சொல்லிவிட்டது.) எல்லாவற்றையும் விடப் பெரிய வட்டம் பைக் லோன். இஎம்ஐ 5ஆம் தேதி, எஸ்டேட் சம்பளம் விழுவது 7ஆம் தேதிக்கு மேல். மூன்று மாதம் பவுன்ஸ் ஆகி, பேங்க் தனியாகவும் லோன் கொடுத்தவர் தனியாகவும் பிடித்திருக்கிறார்கள். தேதியை 12க்கு மாற்றிக் கேட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான் வைத்தியம்.

மே கடைசியில் 436, 20 என்று இரண்டு பிடித்தம் இருந்தால் அது பேங்க் தின்றது இல்லை. பிரதமர் பெயரில் உள்ள ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும், எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இருபது ரூபாய் விபத்துக் காப்பீட்டைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டு பேங்கில் இரண்டு முறை பிடிக்கிறதென்றால் ஒன்றை நிறுத்துங்கள், கிளெய்ம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மினிமம் பேலன்ஸ் நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்து இல்லை, கணக்கு இருக்கும் கிளையை வைத்து. 2011 கணக்கெடுப்பில் ஊட்டிக்கே மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குள்தான், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாம் அதற்கும் கீழே, கொடைக்கானலும் அப்படித்தான். அதனால் வங்கிகளின் பார்வையில் இவை சிறு நகரம், தொகை குறைவு. கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது பிள்ளை ஆரம்பித்த கணக்கை வீட்டுக்கு வந்த பிறகும் அங்கேயே வைத்திருந்தால் பெருநகரத் தொகையைத்தான் கேட்கும். 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதுக் கணக்குக்கு 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் 15,000க்கு இறங்கியது ஞாபகம் இருக்கும். இறங்கியபோது சிறு நகரக் கிளைக்கு 7,500தான். கணக்கை மலையில் உள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நம்பர் மாறாது.

பட்டியலில் வராத கட்டணம் ஒன்று உண்டு, கிளைக்குப் போய்வருவது. மலைப்பகுதி சாதாரணப் பேருந்திலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாகிவிட்டது, சரி, ஆனால் பாதி நாள் கூலி போகிறதே? நூறு ரூபாய் கட்டணத்தை மிச்சம் பிடிக்க முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளையில் கணக்கு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் கிளை, பக்கத்துத் தபால் ஆபீஸ், அப்புறம்தான் மற்றது. தபால் சேமிப்புக் கணக்கில் வட்டி 4 சதவீதம், 500 ரூபாய் மட்டும் கிடந்தால் போதும். மார்ச் கடைசியில் அதுவும் இல்லை என்றால் 50 ரூபாய் பிடிப்பார்கள், அதை மறக்க வேண்டாம்.

வேண்டாத கணக்கை அப்படியே விட்டால் தானாகச் செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் பெரும்பாலும் மூடுவதற்குக் கட்டணம் இல்லை.

பிடித்த பிறகு சண்டைக்குப் போகாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மினிமம் பேலன்ஸ் அபராதம் போடும் முன் வங்கி தகவல் சொல்லி ஒரு மாத அவகாசமாவது தர வேண்டும், அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது, இரண்டுமே 2015 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. “எனக்குத் தகவல் வரவில்லை” என்ற ஒரு வரியை விடாமல் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448.

கீழ்க்கோத்தகிரி அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதினோம். எஸ்எம்எஸ் போன நம்பர் யாருடையது என்று பார்த்தால் மூன்று வருஷம் முன்னால் அவர் தொலைத்த சிம். அரசு வங்கிக் கணக்குக்கே ஆதாரைத் திருப்பி இணைத்தாயிற்று, இந்த மாதம் ஆயிரம் முழுசாக வந்தது. பிடித்ததில் இரண்டு மாதப் பணம் திரும்ப வந்துவிட்டது. மூன்றாவதைத் தருகிறேன் என்ற மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். புது மேனேஜருக்கு மறுபடி ஒரு நகல் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை போகிறோம்.